கோப்பாய் திறக்காது, நல்லூர் திறக்கும்: சேர்வர் மாற்றிய பிறகு வந்த என்எப்எஸ் சிக்கல்கள்

ஏட்டுப்பெட்டி | வெள்ளி, இரவு 9.10

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பின்னறையில் நாலு பேர் சேர்ந்து பழைய அச்சுப் பொருட்களை ஸ்கேன் செய்து வருகிறோம். கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், பழைய பத்திரிகைகள், எல்லாவற்றையும் விட அதிகமாகக் கல்வெட்டுகள். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே கல்வெட்டு என்றால் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். ஒரு குடும்பத்தின் வம்சாவழி பல வேளைகளில் அதில் மட்டும்தான் இருக்கும். 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. இருக்கிற ஒரு பிரதியும் கைதவறிப் போய்விடக் கூடாது என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு.

இதுவரை ஒரு சின்ன நாஸ் பெட்டியில் (நெட்வேர்க் வழியாகக் கோப்புகளைக் கொடுக்கும் டிஸ்க் பெட்டி) எல்லாவற்றையும் வைத்திருந்தோம். போன மாதம் கரண்ட் போய் வந்த பிறகு அது எழும்பவில்லை. டிஸ்க்குகள் தப்பின. யாரோ தந்த மேசைக் கணினியில் உபுண்டு 24.04 போட்டு, நெட்வேர்க் வழியாகப் போல்டர்களைப் பகிர என்எப்எஸ் (லினக்ஸுக்கும் மெக்குக்கும்), சம்பா (விண்டோஸுக்கு) இரண்டையும் நிறுவினேன். அன்றிலிருந்து ஒன்றும் ஒழுங்காக இல்லை.

லினக்ஸ் மடிக்கணினியில் மவுண்ட் ஆகிறது, அதாவது சேர்வரின் போல்டர் இணைகிறது, கோப்புகள் தெரிகின்றன, ஆனால் எழுத முடியவில்லை. மெக் மினி முதலில் நெடுநேரம் சுற்றிக்கொண்டு நின்றது. சேர்வரின் பயர்வோலை நிறுத்தியதும் சுற்றுவது நின்று, 'ஒப்பரேஷன் நொட் பெர்மிட்டட்' என்கிறது. விண்டோஸ் 11 மடிக்கணினி பாஸ்வேர்ட் கேட்காமலே மறுக்கிறது. ஸ்கேன் செய்ததை நேரே போல்டருக்கு அனுப்பும் போட்டோகொப்பி மெஷின் ஒன்றும் உண்டு. அது 'இணைப்புப் பிழை' என்று மட்டும் காட்டுகிறது. எல்லாப் போல்டருக்கும் 777, அதாவது யாரும் எழுதலாம் என்ற அனுமதி, கொடுத்துப் பார்த்தேன். லினக்ஸில் மட்டும் எழுத முடிந்தது, மற்றவை அப்படியே.

பனைவெளி | வெள்ளி, இரவு 9.48

தம்பி, முதலில் அந்த 777ஐத் திருப்பி எடுங்கள். அதைக் கொடுத்தால் உண்மையான காரணம் மூடிப்போகும், பிறகு யாராவது தவறுதலாக ஒரு போல்டரையே அழிக்கவும் வழி வரும்.

உங்களிடம் இருப்பது ஒரு சிக்கல் அல்ல, நாலு. நாலும் ஒரே நாளில் வந்ததால் ஒன்று போலத் தெரிகிறது. பழைய நாஸ் பெட்டி கேட்டவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டிருக்கும். புது சேர்வர் அப்படிச் செய்யாது. ஒவ்வொன்றாகப் போவோம்.

லினக்ஸ் மடிக்கணினியில் எல்எஸ் கட்டளையை எண்களைக் காட்டும்படி ஓடவிட்டு, கோப்பின் உரிமையாளர் எண் என்ன என்று பாருங்கள். பிறகு ஐடி கட்டளையில் உங்கள் எண் என்ன என்று பாருங்கள். இரண்டையும் இங்கே போடுங்கள். பெயரைப் பார்க்க வேண்டாம், எண்ணைப் பாருங்கள்.

ஒடியல் | வெள்ளி, இரவு 10.05

இது ஐடிமேப், அதாவது பயனர் பெயரையும் எண்ணையும் பொருத்துகிற முறை, அதன் சிக்கல் போல இருக்கிறது. என்எப்எஸ் 4இல் பயனர் பெயரும் டொமைனும் சேர்ந்து போகும். இரண்டு பக்கமும் ஐடிமேப்டி கொன்பிக் கோப்பில் டொமைன் ஒன்றாக இல்லாவிட்டால் எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் 'நோபடி' (யாருமில்லை) ஆகிவிடும். எனக்கு முன்பு அப்படித்தான் நடந்தது. டொமைனைச் சரிசெய்தால் போதும்.

ஏட்டுப்பெட்டி | வெள்ளி, இரவு 10.20

777ஐ எடுத்துவிட்டேன். கோப்புகளின் உரிமையாளர் எண் 1000. மடிக்கணினியில் என் எண் 1001. இந்த மடிக்கணினியை முதலில் பாவித்தவரின் கணக்கு இன்னும் அதில் இருக்கிறது, 1000 அவருடையது. நோபடி எங்கும் காட்டவில்லை.

பனைவெளி | வெள்ளி, இரவு 10.41

அப்படியென்றால் காரணம் கையில் இருக்கிறது. ஒடியல் சொன்னதும் உண்மையாக நடக்கிற ஒன்றுதான், ஆனால் இங்கே அது இல்லை. சாதாரண சிஸ் பாதுகாப்பு முறையில், அதாவது கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை இல்லாமல், இன்றைய லினக்ஸ் இரண்டு பக்கமும் பெயருக்குப் பதிலாக எண்ணையே அனுப்பிக்கொள்ளும். இன்னொன்றும் இருக்கிறது. ஐடிமேப் என்பது உரிமையாளர் பெயரைக் காட்டுவதற்கும் மாற்றுவதற்கும்தான். 'இவருக்கு எழுத அனுமதி உண்டா' என்று சேர்வர் பார்ப்பது ஒவ்வொரு கோரிக்கையுடனும் வருகிற எண்ணை வைத்து. டொமைனை எவ்வளவு திருத்தினாலும் 1001 என்பது 1000 ஆகாது. இது தெரியாமல் நானும் ஒரு முறை இரண்டு நாள் ஐடிமேப்டியோடு மல்லுக்கட்டினேன்.

உங்கள் மெக்கில் முதல் பயனரின் எண் 501 ஆக இருக்கும். அதற்கும் இதே கதி வரும். பெரிய அலுவலகம் என்றால் எல்லாருக்கும் பொதுவான கணக்கு முறை வைக்கச் சொல்வேன். நாலு பேர் ஒரே குவியலில் எழுதுகிற அறைக்கு அது தேவையில்லை. எந்தப் போல்டரை யாருக்குக் கொடுப்பது என்று எழுதும் சேர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அந்தப் போல்டருக்கு ஓல்_ஸ்குவாஷ் போட்டு, அனோன்யுஐடி, அனோன்ஜிஐடி இரண்டுக்கும் 1000 கொடுங்கள். யார் எழுதினாலும் சேர்வர் அதை 1000 எழுதியதாக எடுத்துக்கொள்ளும். சம்பாவிலும் போர்ஸ் யூசர் என்ற இடத்தில் அதே பயனரைப் போடுங்கள். எந்த வழியாக வந்தாலும் கோப்பு ஒரே கையில் இருக்கும். யார் எதை எழுதினார் என்ற கணக்கு மட்டும் போய்விடும், அதை உங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் அறைக்கு வெளியே உள்ள ஐபி எதற்கும் அந்த எக்ஸ்போர்ட் திறந்திருக்கக் கூடாது. சனசமூக நிலையத்தில் வைபை பொதுவாக இருந்தால் ஸ்கேன் அறையைத் தனி நெட்வேர்க்காகப் பிரியுங்கள்.

ஏட்டுப்பெட்டி | வெள்ளி, இரவு 11.15

லினக்ஸ் சரி! எழுத முடிகிறது. பனைவெளி அண்ணைக்குப் பெரிய நன்றி. மெக் இன்னும் அப்படியே.

பனைவெளி | சனி, காலை 7.30

மெக் பற்றி. அதில் இரண்டு தடை ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. நீங்கள் பயர்வோலை நிறுத்தியதும் முதலாவது விலகியது, இரண்டாவது தெரிந்தது.

முதலாவது பதிப்புச் சிக்கல். உங்கள் லினக்ஸ் மடிக்கணினி என்எப்எஸ் 4இல் போகிறது. அதற்கு 2049 என்ற ஒரே போர்ட் (நெட்வேர்க்கில் ஒரு சேவைக்குரிய கதவு எண்) போதும். மெக் நீங்கள் சொல்லாவிட்டால் பதிப்பு 3இல் போகும். அது 1995இல் வந்த வடிவம். அதில் மவுண்ட் செய்வதற்கு ஒரு சேவை, லொக் செய்வதற்கு இன்னொரு சேவை என்று தனித்தனியாக இருக்கும், அவை எந்தப் போர்ட்டில் நிற்கின்றன என்று 111இல் உள்ள ஆர்பிசிபைண்டிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் போர்ட்டுகள் ஒவ்வொரு ரீபூட்டிலும் மாறலாம். நீங்கள் 2049ஐ மட்டும் திறந்திருந்தால் மெக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும், பதில் வராது. அதனால்தான் சுற்றியது. சேர்வரின் என்எப்எஸ் கொன்பிக் கோப்பில் மவுண்ட்டி, ஸ்டாட்டி, லொக்டி என்ற மூன்று சேவைகளுக்கும் நிலையான போர்ட் எண் கொடுத்து, 111, 2049 இரண்டோடும் சேர்த்து அவற்றையும் பயர்வோலில் திறவுங்கள். பிறகு பயர்வோலைத் திரும்ப ஓடவிடுங்கள். லொக் போர்ட்டை மறந்தால் கோப்பு திறக்கும், ஆனால் லிப்ரே ஒபிஸில் ஓர் அட்டவணையைத் திறந்தவுடன் அது உறைந்து நிற்கும். ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

இரண்டாவது, அந்த 'நொட் பெர்மிட்டட்'. லினக்ஸ் சேர்வர் வழமையாக 1024க்குக் கீழே உள்ள போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கையை மட்டும் ஏற்கும். அந்தப் போர்ட்டுகளை ரூட் என்ற நிர்வாகக் கணக்கு மட்டும்தான் திறக்கலாம் என்பதால் அது ஒரு காவல் என்று அந்தக் காலத்தில் எண்ணினார்கள். மெக் தானாக மேலே உள்ள போர்ட்டிலிருந்து வரும். சேர்வரில் இன்செக்யூர் என்ற ஆப்ஷன் போடலாம், அல்லது மெக்கில் ரெஸ்வ்போர்ட் ஆப்ஷனோடு மவுண்ட் செய்யலாம். மெக்கின் என்எப்எஸ் கொன்பிக் கோப்பில் கிளையன்ட் மவுண்ட் ஆப்ஷன்கள் என்ற வரியில் அதை எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் அடிக்கத் தேவையில்லை. நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

ஒடியல் | சனி, காலை 8.02

ஐடிமேப் பற்றி நான் சொன்னது இங்கே பொருந்தவில்லை, விளங்கியது. விண்டோஸ் பக்கத்தை நான் சொல்கிறேன், அது என் வேலையிடத்தில் அன்றாடம் பார்ப்பது.

உங்கள் விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பா? அதில் இரண்டு விஷயம் இறுகிவிட்டன. புரோ பதிப்பில் எஸ்எம்பியில் (சம்பா பேசும் விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறை) சைனிங், அதாவது கையொப்பம், கட்டாயம், பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவும் இல்லை. பழைய நாஸில் கெஸ்ட்டாகத்தான் நுழைந்திருப்பீர்கள். விண்டோஸின் அந்தக் காவலை எடுக்க வழி இருக்கிறது, எடுக்க வேண்டாம். சம்பாவில் ஒரு பயனரை உருவாக்கிப் பாஸ்வேர்ட் கொடுங்கள். லினக்ஸ் பாஸ்வேர்ட் வேறு, சம்பா பாஸ்வேர்ட் வேறு. எஸ்எம்பிபாஸ்வேர்ட் கட்டளையில் தனியாகக் கொடுக்க வேண்டும்.

விண்டோஸில் என்எப்எஸ் வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஹோம் பதிப்பில் அந்த கிளையன்ட்டே இல்லை. புரோவில் உண்டு, ஆனால் பதிப்பு 3 வரைக்கும்தான், தமிழ்க் கோப்புப் பெயர்களைக் குழப்பியும்விடும். விண்டோஸுக்கு எஸ்எம்பியே சரி.

கொப்பி மெஷின் பழையதா? அப்படியென்றால் அது எஸ்எம்பி 1 மட்டும்தான் பேசும். சம்பா 4.11இலிருந்து, அதாவது 2019இலிருந்து, எஸ்எம்பி 1 தானாக நிறுத்தப்பட்டுவிட்டது. அதைத் திரும்பத் திறக்கச் சொல்லிப் பல பேர் எழுதியிருப்பார்கள். தயவுசெய்து செய்ய வேண்டாம். 2017 மே மாதம் வொன்னாகிரை விண்டோஸ் கணினிகளில் பரவியது எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாக. சம்பாவில் அதே ஓட்டை இல்லை என்பது உண்மை, ஆனாலும் மறைகுறியாக்கம் இல்லாத அந்தப் பழைய பேச்சை ஊர்ச் சொத்து இருக்கிற சேர்வரில் வைக்க மனம் ஒப்பாது. மெஷினின் அமைப்பில் எப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேறொரு சின்னப் போல்டருக்கு எப்டிபி வழியாக அனுப்பி, அங்கிருந்து ஒரு ஸ்கிரிப்ட் பெரிய போல்டருக்கு எடுத்து வைக்கட்டும். மெஷின் கையில் சேமிப்பகத்தின் சாவி போகாது.

ஏட்டுப்பெட்டி | சனி, பிற்பகல் 3.25

விண்டோஸ் சரி, கொப்பி மெஷினில் எப்டிபி இருந்தது, அதுவும் சரி. மெக் மவுண்ட் ஆகிவிட்டது. பயர்வோல் திரும்ப ஓடுகிறது.

ஆனால் இப்போது என்னால் விளங்கிக்கொள்ள முடியாத ஒன்று. ஊர் ஊராகப் போல்டர் வைத்திருக்கிறோம். மெக்கில் கோப்பாய் என்ற போல்டர் கண்ணுக்குத் தெரிகிறது, அழுத்தினால் திறக்காது. நல்லூர் திறக்கிறது. லினக்ஸில் பார்த்தால் கோப்பாய் என்று இரண்டு போல்டர் இருக்கின்றன, ஒரே பெயரில், அடுத்தடுத்து! ஒரே பெயரில் இரண்டு போல்டர் எப்படி இருக்க முடியும்? டிஸ்க் பழுதாகிவிட்டதோ என்று நெஞ்சு பதறுகிறது. டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் எப்எஸ்சிகே ஓடவிடட்டா?

பனைவெளி | சனி, பிற்பகல் 3.40

இப்போதைக்கு ஒன்றையும் ஓடவிட வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். எந்தெந்த ஊர் திறக்கிறது, எது திறக்கவில்லை என்று எழுதுங்கள்.

ஏட்டுப்பெட்டி | சனி, பிற்பகல் 4.05

திறப்பவை: நல்லூர், சுன்னாகம், மானிப்பாய், சாவகச்சேரி, நெல்லியடி, கைதடி, காரைநகர், வேலணை, பருத்தித்துறை.
சிக்கல் உள்ளவை: கோப்பாய், கொக்குவில், கோண்டாவில், வட்டுக்கோட்டை, தொண்டைமானாறு, பொன்னாலை, கொழும்புத்துறை.

ஒடியல் | சனி, பிற்பகல் 4.11

கானாவில் தொடங்குகிறவையோ என்று பார்த்தேன், ஆனால் கைதடியும் காரைநகரும் திறக்கின்றன. நீளமும் காரணமில்லை, சாவகச்சேரி நீளம்தானே.

கடகம் | சனி, மாலை 5.30

அந்த மெக்கில் வேலை செய்பவள் நான்தான். கணினி நுட்பம் எனக்கு அவ்வளவு தெரியாது, தமிழ் படிப்பிக்கிறேன். பட்டியலைப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது. திறக்காத ஊர் ஒவ்வொன்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஏறிய எழுத்து ஒன்று இருக்கிறது. கோப்பாயில் கோ, கொக்குவிலில் கொ, வட்டுக்கோட்டையில் கோ, தொண்டைமானாற்றில் தொ, பொன்னாலையில் பொ. திறக்கிற ஊர் ஒன்றில்கூட அது இல்லை. நெல்லியடியில் கொம்பு மட்டும் இருக்கிறது, காரைநகரில் அரவு (துணைக்கால்) மட்டும் இருக்கிறது. கொம்பும் அரவும் இரண்டு பக்கமும் சேர்ந்து நிற்கிற எழுத்து இல்லை. இதற்கும் கணினிக்கும் தொடர்பு இருக்குமா?

பனைவெளி | சனி, மாலை 5.52

அக்கா, முழுச் சிக்கலையும் நீங்கள் ஒரே பார்வையில் பிடித்துவிட்டீர்கள். நான் இன்னும் போர்ட் எண்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

யுனிகோடில் கோ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க, அதன் பின் ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடு. அல்லது க, இரட்டைக்கொம்பு, அரவு என்று மூன்று குறியீடு. திரையில் இரண்டும் ஒரே கோதான். யுனிகோட் விதிப்படி இரண்டும் சமம், இரண்டும் சரி. முதலாவதைச் சேர்ந்த வடிவம் என்றும் இரண்டாவதைப் பிரிந்த வடிவம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆவணங்களில் என்எப்சி, என்எப்டி என்று வரும். விண்டோஸிலும் லினக்ஸிலும் விசைப்பலகையில் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்த வடிவம் வரும். மெக்கின் பழைய எச்எப்எஸ் பிளஸ் டிஸ்க் அமைப்பு எல்லாப் பெயரையும் பிரித்தே எழுதிவைக்கும். புதிய ஏபிஎப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை, ஆனால் மெக்கில் கோப்புகளைக் காட்டும் பைண்டர் இன்னமும் பிரிந்த வடிவத்தில் கேட்கிற வழக்கத்தை விடவில்லை.

லினக்ஸ் சேர்வருக்கு எழுத்து என்பதே தெரியாது. அதற்குக் கோப்புப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான். ஒரு பைட் வேறென்றால் வேறு பெயர். அதனால் உங்களிடம் உண்மையிலேயே இரண்டு கோப்பாய் இருக்கின்றன. டிஸ்க் நன்றாக இருக்கிறது. நல்லூருக்கு ஒரே வடிவம்தான் உண்டு, அதனால் அதற்குச் சிக்கல் வரவில்லை.

நீங்களே பார்க்கலாம். சேர்வரில் அந்த இரண்டு பெயரையும் தனித்தனியே டபிள்யூசி கட்டளைக்குக் கொடுத்து பைட்டுகளை எண்ணுங்கள். கோப்பாய் என்பதற்கு ஒன்று 24 பைட் வரும், மற்றது 27.

ஏட்டுப்பெட்டி | சனி, இரவு 7.15

24! 27! இரண்டு எண்ணையும் திரையில் பார்த்தபோது அறையில் இருந்த எல்லாரும் எழும்பிவந்து நின்று பார்த்தோம். ஹெக்ஸ்டம்ப்பிலும் பார்த்தேன், க-வுக்குப் பிறகு ஒன்றில் ஒரு குறி, மற்றதில் இரண்டு.

எப்படி வந்தது என்பதும் விளங்கியது. பழைய போல்டர்கள் கடகம் அக்காவின் எச்எப்எஸ் பிளஸ் டிஸ்க்கிலிருந்து மெக் வழியாக ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் கருவியால் சேர்வருக்குப் போனவை. அவை பிரிந்த வடிவம். பிறகு விண்டோஸில் என் ஸ்கிரிப்ட், ஊர்ப் பட்டியலைப் பார்த்து, இல்லாத போல்டரை உருவாக்கும். அது 'கோப்பாய் இருக்கிறதா' என்று கேட்டிருக்கிறது, சேர்வர் 'இல்லை' என்று சொல்லியிருக்கிறது, புதிதாக ஒன்று உருவாகியிருக்கிறது. மெக்கில் பழையது திறக்கிறது, புதியது திறக்கவில்லை.

இனி என்ன செய்வது?

பனைவெளி | சனி, இரவு 7.50

முடிவு ஒன்று எடுக்க வேண்டும்: சேர்வரில் எல்லாம் சேர்ந்த வடிவம். அதற்கு மூன்று வேலை.

மெக்கில் அந்த ரெஸ்வ்போர்ட் எழுதிய அதே வரியில் என்எப்சி என்ற ஆப்ஷனையும் சேர்த்து, திரும்ப மவுண்ட் செய்யுங்கள். இதன் பிறகு மெக் சேர்வருக்குப் பெயரை அனுப்பும்போது சேர்த்து அனுப்பும். இது மெக் பக்கத்து ஆப்ஷன், லினக்ஸில் தேட வேண்டாம். இதைப் போட்டதும் தலைகீழாகும்: புதியவை திறக்கும், பழையவை திறக்காது. பதறக் கூடாது.

பிறகு சேர்வரிலேயே இருந்து, மவுண்ட் வழியாக அல்ல, கொன்வ்எம்வி என்ற கருவியால் பழைய பெயர்களை மாற்றுங்கள். இப்போது இருப்பதும் யுடிஎப்-8, மாற வேண்டியதும் யுடிஎப்-8, கூடவே என்எப்சி என்று கொடுக்க வேண்டும். அது முதலில் என்ன செய்யப்போகிறது என்று காட்டும், ஒன்றையும் மாற்றாது. காட்டியதை வடிவாக வாசித்த பிறகு நோடெஸ்ட் ஆப்ஷனோடு ஓடவிட்டால்தான் மாற்றும்.

ஆனால் கோப்பாய் போல இரண்டும் இருக்கிற இடத்தில் பெயர் மோதும். அவற்றை முன்னதாகக் கையால் ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு சோடியையும் ஒப்பிட்டு, இரண்டிலும் ஒரே பெயரில் உள்ள கோப்பு உண்மையில் ஒன்றுதானா என்று செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) பார்த்துவிட்டு நகர்த்துங்கள். எல்லாவற்றுக்கும் முதல் முழுப் பிரதி ஒன்று வேறு டிஸ்க்கில். இது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இனிமேல் மெக்கிலிருந்து ஆர்சிங்கில் அனுப்பினால், மூன்றாம் பதிப்பு ஆர்சிங்கைப் போட்டு, ஐகொன்வ் ஆப்ஷனில் யுடிஎப்-8-மெக் என்பதிலிருந்து யுடிஎப்-8க்கு மாற்றச் சொல்லுங்கள்.

கடகம் | சனி, இரவு 8.30

ஒரு கேள்வி. கல்வெட்டுகளுக்கு நான் நீளமாகப் பெயர் வைப்பேன். அமரர் பெயர், ஊர், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், ஆண்டு, அச்சகம் எல்லாம். தேடுவதற்கு அதுதான் வசதி. விண்டோஸ் மடிக்கணினியில் வைத்த சில பெயர்கள் சேர்வருக்குப் போகவில்லை, 'பெயர் நீளம்' என்று வந்தது. அதே பெயர் மடிக்கணினியில் நன்றாக இருக்கிறது. இதுவும் பிரிந்த எழுத்தால்தானா?

பனைவெளி | சனி, இரவு 8.55

அது வேறு, ஆனால் தமிழர்களாகிய நமக்கு அடிக்கடி வருவது. விண்டோஸும் லினக்ஸும் இரண்டுமே பெயருக்கு 255 என்று எல்லை வைத்திருக்கின்றன. ஆனால் விண்டோஸ் எண்ணுவது குறியீடுகளை, லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க் அமைப்பு எண்ணுவது பைட்டுகளை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான். தமிழில் ஒவ்வொரு குறியீடும் யுடிஎப்-8இல் 3 பைட். அப்படியென்றால் லினக்ஸில் நமக்குக் கிடைப்பது 85 குறியீடு. புள்ளியும் ஒரு குறியீடு என்பதை மறக்கக் கூடாது: தமிழ் என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு, 15 பைட். பிரிந்த வடிவமாக இருந்தால் இன்னும் கூடும். இகிரிப்ட்எப்எஸ் முறையில் மறைகுறியாக்கிய போல்டர் என்றால் எல்லை 143 பைட்தான், ஏறத்தாழ 47 குறியீடு.

பெயரில் ஊர், பெயர், ஆண்டு மட்டும் வைத்து, மற்றதைப் பதிவேட்டு அட்டவணையில் எழுதுவது நல்லது. அட்டவணையை ஒரே நேரத்தில் ஒருவர் விண்டோஸிலும் ஒருவர் லினக்ஸிலும் திறந்து திருத்த வேண்டாம். சம்பா ஒருவர் திறந்திருக்கிறார் என்று வைத்திருக்கும் கணக்கு என்எப்எஸ் வழியாக வருபவருக்குத் தெரியாமல் போகலாம்.

ஏட்டுப்பெட்டி | ஞாயிறு, மதியம் 1.20

பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. 20 நிமிடத்தில் வந்தது. லினக்ஸ் மடிக்கணினி அப்படியே உறைந்து நின்றது, பிறகு தானாக எழும்பி 'ஸ்டேல் பைல் ஹாண்டில்' என்றது. கரண்ட் போகும் நேரத்தில் ஸ்கேன் செய்து சேமித்த இரண்டு பிடிஎப் 0 பைட்டாகக் கிடக்கின்றன. புத்தகம் கையில் இருந்ததால் திரும்ப ஸ்கேன் செய்தோம். சொப்ட் மவுண்ட் போட்டால் உறையாது என்று ஓரிடத்தில் வாசித்தேன், போடட்டா?

பனைவெளி | ஞாயிறு, மதியம் 1.45

போட வேண்டாம். உறைந்து நிற்பது ஹார்ட் மவுண்டின் நல்ல குணம். சேர்வர் திரும்பி வரும்வரை காத்திருந்து, விட்ட இடத்தில் தொடரும். சொப்ட் என்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிழை என்று கைவிட்டுவிடும். எழுதும் நடுவில் அப்படி நடந்தால் கோப்பு பாதியில் நிற்கும், சில செயலிகள் அதைச் சொல்லவும் மாட்டா.

அந்த 0 பைட்டுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஏசிங்க் என்று போட்டிருக்கிறீர்களா?

ஏட்டுப்பெட்டி | ஞாயிறு, மதியம் 1.52

ஓம். வேகம் கூடும் என்று போட்டேன்.

பனைவெளி | ஞாயிறு, மதியம் 2.10

எடுத்துவிடுங்கள், சிங்க்தான் வேண்டும். ஏசிங்க் என்றால் டிஸ்க்கில் எழுத முன்பே 'எழுதியாயிற்று' என்று சேர்வர் சொல்லிவிடும். கிளையன்ட் அதை நம்பித் தன் பிரதியை விட்டுவிடும். அந்த நேரம் கரண்ட் போனால் இரண்டு பக்கமும் இல்லை. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்கூட மின்வெட்டு இருந்த நாடு இது. வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஸ்டேல் பைல் ஹாண்டில் வந்தது, வெளி யூஎஸ்பி டிஸ்க் மவுண்ட் ஆக முன்பே சேர்வர் அந்த வெறும் போல்டரை எக்ஸ்போர்ட் செய்ததால். கிளையன்ட் கையில் இருந்த அடையாளம் பழைய டிஸ்க்கினுடையது, சேர்வர் காட்டியது வேறொன்று. டிஸ்க்கை அதன் தனி அடையாள எண்ணான யூயூஐடி வைத்து மவுண்ட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட்ஸில் எம்பி என்ற ஆப்ஷனைச் சேருங்கள், டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தால் மட்டும்தான் அது வெளியே கொடுக்கும். இல்லாவிட்டால் ஒரு நாள் நீங்கள் ஸ்கேன் செய்தவை வெறும் போல்டருக்குள் போய், டிஸ்க் அதன் மேல் ஏறியதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மடிக்கணினியில் சிஸ்டம்டி ஒட்டோமவுண்ட் வைத்தால் சேர்வர் பிந்தி எழும்பினாலும் பூட் நிற்காது. ஒரு சின்ன யூபிஎஸ் வாங்க முடிந்தால் அதையும் பாருங்கள்.

ஏட்டுப்பெட்டி | அடுத்த சனி, இரவு 8.40

ஒரு கிழமை எடுத்தது. முழுப் பிரதி எடுத்தோம், அதைத் திறந்து பார்த்தோம், பிறகுதான் கை வைத்தோம். ஏழு சோடிப் போல்டர்களையும் கடகம் அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கோப்பாக ஒப்பிட்டோம். கொன்வ்எம்வி காட்டிய பட்டியலை அக்கா சத்தமாக வாசித்தார், நான் குறித்தேன். இப்போது கோப்பாய் ஒன்றுதான். மெக், லினக்ஸ், விண்டோஸ் மூன்றிலும் திறக்கிறது. கோப்புகளின் மொத்த எண்ணிக்கையும் செக்சமும் பிரதியோடு பொருந்துகின்றன.

பொன்னாலைப் போல்டரைச் சேர்த்தபோது, பதிவேட்டில் 'காணவில்லை' என்று சிவப்பில் குறித்திருந்த ஒரு கல்வெட்டு பிரிந்த வடிவப் போல்டருக்குள் இருந்தது. மூலப் புத்தகத்தை வீட்டுக்காரரிடம் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர்களிடம் போய் எப்படிச் சொல்வது என்று நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தோம். 62 பக்கமும் முழுதாக இருக்கின்றன.

என் ஸ்கிரிப்ட்டிலும் பெயரைச் சேர்ந்த வடிவமாக்கிய பிறகே சேர்வரிடம் கேட்கும்படி ஒரு வரி சேர்த்துவிட்டேன். பனைவெளி அண்ணை, ஒடியல், கடகம் அக்கா, மூன்று பேருக்கும் நன்றி. நாளை காலை தொண்டைமானாற்றிலிருந்து வந்த பெட்டியைத் திறக்கிறோம்.